கைமணி அடித்தால் தாண்டலாம்

பரிமளா எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை என்றுதான் புதுக்கோட்டை வடக்குக் கடைவீதியில் பேச்சு. புருஷன் ரகுநாத் கத்தாருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒண்டியாக நின்று ஜெராக்ஸ் கடையை நடத்துகிறாள். குடித்துவிட்டு வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு பேசிய ஒருத்தனை ஸ்டேப்ளரைத் தூக்கிக் காட்டியே விரட்டியிருக்கிறாள். தாலுகா ஆபீசில் அவள் தலையைக் கண்டாலே ஃபைலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு மாதமாகக் காலை எட்டரை மணி ஆனால் பயம் பிடித்துக்கொள்கிறது. காரணம், கடைக்கு முன்னால் கிடக்கிற ரோடு.

ரோடு புதிதில்லை. அதில் போகிற வண்டிகளின் வேகம்தான் புதிது. அந்த வேகத்தை மனு எழுதிக் கேட்டு வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

போன தை மாதம் வரைக்கும் அவள் கடைக்குப் பத்தடி தள்ளி, தார் ரோட்டை ஒட்டினாற்போல் ஒரு வேப்பமரமும் அதன் அடியில் ரோட்டுக் கருப்பரும் இருந்தார்கள். அன்னவாசல் பஸ்ஸோ, குடுமியான்மலை பஸ்ஸோ, ஜல்லி ஏற்றிய லாரியோ, கருப்பரைக் கண்டால் நிற்கும். நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று எந்த டிரைவரும் சோதித்துப் பார்த்ததில்லை. பூசாரி நாகராசு தட்டோடு எழுந்து வந்து, ஒரு கையால் கைமணியை ஆட்டிக்கொண்டே மறு கையை ஜன்னலுக்குள் விட்டு டிரைவர் நெற்றியில் திருநீறு பூசுவார். எதிர்ப் பக்கம் வருகிறவனும் அந்த மணிச் சத்தத்துக்கு வண்டியை நிறுத்தி, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் எடுப்பான். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷம் ரோட்டில் ஒரு சக்கரம் உருளாது.

ரோட்டுக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். பரிமளாவின் ஒரே மகள் காவ்யா அங்கேதான் படிக்கிறாள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த புதிதில் அந்தப் பிள்ளைக்கு ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. ரோட்டைத் தாண்டும்போது வண்டி எதையாவது பார்த்துவிட்டால் போதும், அப்படியே நட்ட நடு ரோட்டில் நின்றுவிடும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. கத்திக் கூப்பிட்டால் இன்னும் கெட்டியாக நிற்கும். தினமும் கூட்டிப்போய் விடலாம் என்றால், காலை எட்டு மணிக்குத்தான் கடையில் ஆதார் அட்டையும் சாதிச் சான்றிதழுமாகக் கூட்டம் மொய்க்கும். கல்லாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

பரிமளா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“வண்டியப் பாத்தாத்தானடி பயம் வருது ஒனக்கு? அங்கிட்டும் பாக்காத, இங்கிட்டும் பாக்காத. பூசாரி தாத்தா கைமணி அடிச்சா எல்லா வண்டியும் நின்னுருச்சுன்னு அர்த்தம். மணி கேட்டதும் நீ பாட்டுக்கு ஸ்கூல் கேட்டைப் பாத்துக்கிட்டே நடந்து போயிரு.”

அன்றிலிருந்து காவ்யா அப்படித்தான் தாண்டினாள். ஐந்து வருஷம், ஒரு கீறல் இல்லை. பரிமளாவுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் பெருமை தாங்காது. கடைக்கு வருகிற தாய்மார்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

இதற்கு நடுவில் கடைவீதி மாறிப்போனது. அரிசி மண்டியை இடித்துவிட்டு, அந்த இடத்தில் கோபிநாத் டிவி, ஃபிரிட்ஜ் விற்கிற ஷோரூம் கட்டினார். மூன்று மாடி, முழுக்கக் கண்ணாடி. சைக்கிள் கடை பேக்கரி ஆனது. உரக்கடை சூப்பர் மார்க்கெட் ஆனது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்த சனம் காரில் வர ஆரம்பித்தது. கார் வந்ததும் அதை நிறுத்த இடம் வேண்டியிருந்தது. இடத்தையெல்லாம் கருப்பரைக் கும்பிட வந்த லாரிகள் பிடித்துக்கொண்டு நின்றன. காரில் வந்தவர்கள் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு பைபாஸ் பக்கம் போய்விட்டார்கள்.

வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் கோபிநாத்தான். கூட்டம் போட்டார். கருப்பரை அறுபதடி உள்ளே தள்ளி, சந்துக்குள் நல்ல டைல்ஸ் போட்ட கோயிலாகக் கட்டி வைத்துவிடலாம் என்றார். ரோட்டை அகலப்படுத்தச் சொல்லி மனுவும் கொடுத்துவிடலாம் என்றார். எல்லோருக்கும் சரியென்றுதான் பட்டது. பரிமளாவுக்கும்தான். கடை முன்னால் நாலு வண்டி நிற்க இடம் கிடைத்தால் அவளுக்கு மட்டும் கசக்குமா? மனுவை அவளே டைப் அடித்தாள். ‘மேற்படி கோயில் முன்பு வாகனங்கள் நிற்பதால் போக்குவரத்துக்கும் வணிகத்துக்கும் பெரும் இடையூறு ஏற்படுகிறது’ என்ற வரி அவள் கைவண்ணம். கோபிநாத் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

கையெழுத்துப் போடும்போதுதான் வேடிக்கை. முதல் கையெழுத்தைப் போட ஒருத்தரும் வரவில்லை. கருப்பர் மேலேயிருந்துதானே வாசித்துக்கொண்டு வருவார், முதல் பேரைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? பேக்கரிக்காரர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னார். கோபிநாத்துக்கு அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. “பயந்த பயலுக” என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு பரிமளா பேனாவை எடுத்து உச்சியில் முதல் கையெழுத்தைப் போட்டாள். அதன்பிறகு சன்னதியில் பூப்போட்டுக் கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தது. கருப்பரே உத்தரவு கொடுத்துவிட்டார் என்று கிளம்பிவிட்டார்கள்.

எல்லாம் மளமளவென்று நடந்தது. கோயில் சந்துக்குள் போனது. வேப்பமரத்தை வெட்டினார்கள். ரோடு இரண்டு பங்கு அகலமானது. சங்கத்தின் சார்பில் கருப்பருக்கு ஒரு மின்சார மணி வாங்கி வைத்தார்கள். சுவிட்சைப் போட்டால் முரசும் சேகண்டியும் தானாக அடித்துக்கொள்கிற இயந்திரம் அது. காலை எட்டரை மணிப் பூசைக்கு அதுதான் அடித்தது. நாகராசு கைமணியை அலமாரியில் வைத்துவிட்டார். ஜன்னல் ஜன்னலாகக் கையை நீட்டுகிற வேலையும் அவருக்கு இல்லாமல் போனது.

வண்டிகள் நிற்கவில்லை. கருப்பர் கண்ணில் பட்டால்தானே நிற்பதற்கு? பழைய டிரைவர்கள் சிலர் போகிற போக்கில் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. முதல் வாரமே, முன்பு மரத்தடியில் படுத்துக் கிடக்கிற கோயில் நாயைக் கார் ஒன்று அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. பழைய இடத்தைத் தேடி வந்து படுத்திருக்கிறது, பாவம். பரிமளா கடையிலிருந்து அதைப் பார்த்தாள். நாய் கிடந்த இடம், காவ்யா தினமும் கால் வைத்து இறங்குகிற இடம். அன்று யாருக்கோ எடுத்துக் கொடுத்த பத்து ஜெராக்ஸும் வெற்றுத் தாளாக இருந்தன.

மறுநாளிலிருந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தானே தாண்டினாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். காவ்யாவுக்கு மானம் போனது. பரிமளா பொருட்படுத்தவில்லை. கோபிநாத்தைப் போய்ப் பார்த்தாள்.

“தம்பி, ஸ்கூல் வாசல்ல ஒரு ஸ்பீடு பிரேக்கர் போடச் சொல்லிச் சங்கத்துல எழுதிக் குடுப்போங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“என்னக்கா நீங்களே இப்பிடிச் சொல்றீங்க?” என்றார் கோபிநாத். “ஸ்பீடு பிரேக்கர் போட்டா மறுபடி வண்டி தேங்கும். அதுக்கா இம்புட்டுப் பாடுபட்டோம்? பாப்பாவுக்கு ரோடு தாண்டப் பழக்குங்க. ஊர் ஒலகத்துல பிள்ளைக தாண்டலையா?”

அவர் சொன்னதிலும் தப்பில்லை என்பதுதான் அவளை ரொம்பக் குத்தியது. ரோட்டைப் பார்க்கவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இரண்டு வாரம் உட்கார வைத்துப் பழக்கினாள். முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம், திரும்பவும் வலது பக்கம். காவ்யா வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சரியாகத் தலையைத் திருப்பினாள். வண்டியைக் கண்டு விறைத்து நிற்கிற வழக்கம் முழுக்கப் போய்விட்டதா என்பது மட்டும் பரிமளாவுக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். எட்டரை மணிக்கு அந்த மின்சார மணி ஊரைக் கூட்டினாலும் காவ்யா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய மணிப் பழக்கம் விட்டதே என்று பரிமளா நிம்மதி அடைந்தாள். அந்த ஒரு நிம்மதிதான் அவளை ஏமாற்றியது.

செவ்வாய்க்கிழமை காவ்யா பிடிவாதமாக நின்றாள். “இன்னைக்கு நான் தனியாத்தான் போவேன். நீ வந்தா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்.”

அன்று பராமரிப்பு வேலை என்று எட்டு மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். கடையில் ஆள் இல்லை. கவுண்டரில் நின்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று பரிமளா சரியென்றாள். ‘பாத்துப் போ’ என்று நாலு தடவை சொன்னாள். காவ்யா பையை மாட்டிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள். வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். திரும்பவும் வலது பக்கம். சொன்னது சொன்னபடி செய்தாள். வண்டிகள் விடவில்லை. ஒன்று போனால் இன்னொன்று வந்தது. பிள்ளை பொறுமையாக நின்றது. பரிமளாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த நேரத்தில், சந்துக்குள் யாரோ புதிதாக வாங்கிய லோடு வண்டிக்குப் பூசை போட வந்திருந்தார்கள். கரண்ட் இல்லை. மின்சார மணி அடிக்காது. பூசாரி நாகராசு என்ன செய்வார், அலமாரியைத் திறந்து பழைய கைமணியை எடுத்தார். பேக்கரி ஸ்பீக்கரும் ஊமையாகிக் கடைவீதி அமைதியாகக் கிடந்த காலை நேரம். ணங், ணங், ணங் என்று அந்த மணிச் சத்தம் சந்தைத் தாண்டி ரோட்டுக்குத் தெளிவாக வந்தது.

வலது பக்கம் திரும்பிக்கொண்டிருந்த காவ்யாவின் தலை பாதியில் நின்றது. நேராகத் திரும்பியது. கண் ஸ்கூல் கேட்டுக்குப் போனது. கால் தாரில் இறங்கியது.

பரிமளா வாயைத் திறந்துவிட்டாள். ‘காவ்யா’ என்ற பேர் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. கூப்பிட்டால் பிள்ளை நடு ரோட்டில் நின்றுவிடும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளை சாகப்போகிறது, கூப்பிடவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வலது பக்கமிருந்து அன்னவாசல் பஸ் வந்துகொண்டிருந்தது. ஓடவேண்டும் என்று நினைத்தாள். கவுண்டர் கதவின் கொண்டியை விரல்கள் தேடின. தினமும் நூறு தடவை திறக்கிற கொண்டி அன்றைக்குக் கைக்குச் சிக்கவில்லை.

பஸ் கிறீச்சிட்டுக்கொண்டு நின்றது. பிள்ளைக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். காவ்யா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணி அடித்தால் பஸ் நிற்கும், அதில் பார்க்க என்ன இருக்கிறது? நடந்துகொண்டே இருந்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் வந்த வெள்ளைக் கார் ஒன்று பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு பறந்தது. காவ்யாவின் ஸ்கூல் பை காற்றில் ஆடியது. கார் போய்விட்டது. காவ்யா எதிர்ப் பக்கம் ஏறி, ஸ்கூல் கேட்டுக்குப் போய், அங்கே நின்று திரும்பி, அம்மாவைப் பார்த்து வெற்றியோடு கையை ஆட்டினாள்.

பரிமளாவுக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

பஸ்ஸுக்குள் விழுந்து எழுந்த சனம் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அய்யப்பன் இறங்கி வந்தார். அந்தத் தடத்தில் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறவர். பரிமளா கடைக்கு முன்னால் வந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வேர்வை.

“நான் பாப்பாவப் பாக்கவே இல்லக்கா,” என்றார். “கண்டக்டர்கிட்ட பேசிக்கிட்டு வந்தேன். மணிச் சத்தம் கேட்டுச்சு. கால் தன்னால பிரேக்குக்குப் போயிருச்சு. நிப்பாட்டுன பெறகுதான் முன்னால பிள்ளை போறது தெரியுது.”

சத்தம் கேட்டு வந்த கோபிநாத்தும் பேக்கரிக்காரரும் ஒரு ஓரமாக நின்றார்கள்.

“தேவையில்லாம கருப்பர எவன் உள்ள கொண்டுபோய் வைக்கச் சொன்னது?” என்று அய்யப்பன் கேட்டார்.

கோபிநாத் தன் ஷோரூம் கண்ணாடியைப் பார்த்தார். பேக்கரிக்காரர் கீழே பார்த்தார்.

“நான்தாண்ணே எழுதுனேன்,” என்றாள் பரிமளா. “மொதக் கையெழுத்தும் நான்தான்.”

அய்யப்பன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்.

பஸ் போனபிறகு பரிமளா சந்துக்குள் போனாள். நாகராசு எலுமிச்சம்பழம் நசுங்கின தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். ஐந்து வருஷமாகப் பிள்ளை எதை நம்பி ரோட்டைத் தாண்டியது என்று சொன்னாள். அந்த மனிதருக்கு அது தெரியவே தெரியாது. வாளியைக் கீழே வைத்தார்.

“நான் மணி ஆட்டுனதுக்கா பிள்ளை நடந்துச்சு?”

“ஆமாங்கய்யா. காவ்யா மட்டுமில்ல. நான் சொல்லி இன்னும் எத்தன பிள்ளைக அப்பிடித் தாண்டுதோ, எனக்கே கணக்குத் தெரியல.”

நாகராசு அலமாரியைத் திறந்தார். கைமணியின் நாக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது எந்த நிமிஷமும் பேசிவிடும் என்பதுபோல மெதுவாக வெளியே எடுத்தார்.

“இதை நீயே கொண்டுபோய் வச்சுக்க தாயி. என்கிட்ட இருந்தா பழக்கதோசத்துல ஆட்டிப்புடுவேன்.”

பரிமளா மணியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, கடையில் பிரிண்டர் மேசைக்குக் கீழ்த்தட்டில் வைத்தாள். மூன்றேகாலுக்கே ஸ்கூல் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டாள். காவ்யா சிரித்துக்கொண்டே வந்தாள்.

“காலையில தனியாத் தாண்டினேன்ல, பாத்தியாம்மா?”

“பாத்தேன். வலது பக்கம் பாத்தியா?”

“பாத்தேன். எடது பக்கமும் பாத்தேன். ஒரு வண்டியும் நிக்கல. அப்பறம் மணி அடிச்சுச்சு, போயிட்டேன்.”

பரிமளா அங்கேயே, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் மணிச் சத்தத்துக்கு வண்டி நிற்காது, மணியை நம்பக்கூடாது, கண்ணைத்தான் நம்பவேண்டும் என்று விளக்கிச் சொன்னாள். காவ்யா கேட்டுக்கொண்டாள். “சரிம்மா” என்றாள். எது சொன்னாலும் சரி என்று சொல்கிற பிள்ளைதான். அன்றைக்கு அந்தச் சரியைப் பரிமளா நம்பவில்லை.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. பரிமளா கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்தாள். பழைய மனுவைத் திறந்தாள். ‘வாகனங்கள் நிற்பதால்’ என்ற தன்னுடைய வரியை அழித்துவிட்டு, வாகனங்கள் நிற்காமல் செல்வதால் பள்ளிப் பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து என்று அடித்தாள். வேகத்தடை வேண்டும் என்று அடித்தாள். கோபிநாத் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ, முதல் கையெழுத்துக்கு இந்தத் தடவையும் யாரும் வரப்போவதில்லை. தன் பெயரை மேலேயே அடித்து, மூன்று பிரதிக்குப் பிரிண்ட் கொடுத்தாள்.

பழைய பிரிண்டர். ஓட ஆரம்பித்தால் மேசையையே உலுக்கும். கீழ்த்தட்டில் சுற்றி வைத்திருந்த துண்டு எப்போதோ நெகிழ்ந்திருக்கிறது. முதல் தாள் வெளியே வந்தபோது, மேசைக்கு அடியில் மணி ஒரே ஒரு தடவை ணங் என்றது.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த காவ்யா பென்சிலைக் கீழே வைத்தாள். கால்கள் தரைக்கு இறங்கின. எழுந்து நின்றாள். அங்கிட்டும் பார்க்கவில்லை, இங்கிட்டும் பார்க்கவில்லை. வண்டிகள் பறந்துகொண்டிருந்த ரோட்டைத் தாண்டி, பூட்டிக் கிடந்த ஸ்கூல் கேட்டையே பார்த்துக்கொண்டு ஓரெட்டு எடுத்து வைத்தாள்.

பரிமளா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “எங்கடி போற?”

காவ்யா விழித்தாள். தான் நிற்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. “எங்கயும் போகலையேம்மா,” என்றாள்.

பிரிண்டர் இரண்டாவது தாளை இழுக்க ஆரம்பித்தது. பரிமளா பிள்ளையின் கையை விடாமல், மறு கையால் அதன் சுவிட்சைத் தேடினாள்.